காளியாத்தாள் வைத்த நொண்டி வரிகள்

வேப்பம்பதி காளியாத்தாள் பிறந்தபோது அழவில்லையாம். மருத்துவச்சியின் சுண்டுவிரலை எட்டிப் பிடித்துக்கொண்டு, இவள் இங்கிருந்து எதையாவது முடிந்துகொண்டு போகிறாளா என்று பார்த்துக்கொண்டே கிடந்தாளாம். மருத்துவச்சி பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பினாள் என்று கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். நம்பாதவர்கள் காளியாத்தாளோடு ஒருமுறை சந்தைக்குப் போய்வந்தால் போதும்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது எல்லோருக்கும் வழக்கம். காளியாத்தாள் ஒடித்த நுனிகளையும் மடியில் கட்டி வந்து, வீட்டில் ஒவ்வொன்றையும் அதனதன் காயில் பொருத்திப் பார்ப்பாள். நடுவில் கடைக்காரன் காயை மாற்றியிருந்தால் தெரிந்துவிடும் அல்லவா? பால் சொசைட்டியில் கண்ணாடிக் குச்சியைப் பாலுக்குள் விட்டுத் தரம் பார்ப்பவனிடம், "அந்தக் குச்சிய யாரு சோதிச்சாங்க?" என்று கேட்டு அவனைத் திகைக்க வைத்தவள். கோயிலில் பூசாரி திருநீறு கொடுத்தால் அவருடைய இன்னொரு கையையும் விரித்துக் காட்டச் சொல்வாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் ஊரே வாசலில் நின்று கும்பிடும். அவள் மட்டும், "ஆரு ஊட்டுக்குன்னு வந்திருக்குதோ" என்று மேகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

இந்தச் சந்தேகம்தான் அவளைப் பாட்டுக் கட்டுகிறவளாக ஆக்கியது என்றால் அதுவும் உண்மை. சிறு வயதில் அவள் போன பள்ளிக்கூடத்தில் மலையாள வகுப்பு மட்டும்தான் இருந்தது. வீட்டில் கொங்குத் தமிழ், பள்ளியில் மலையாளக் கவிதை. அங்கே மாஷ் என்று அழைக்கப்படும் வாத்தியார் ஒருவர் கரும்பலகையில் வரியை எழுதி, நெடிலாக ஒலிக்கும் இடத்தில் ஒரு கோடும் குறிலாக ஒலிக்கும் இடத்தில் ஒரு வளைவும் போட்டு, குரு என்றும் லகு என்றும் பிரித்துக் காட்டுவார். மற்றப் பிள்ளைகள் தூங்கி வழிய, காளியாத்தாள் மட்டும் விழித்திருந்தாள். ஒருவன் சரியாக அளந்து கொடுத்திருக்கிறானா, ஏமாற்றியிருக்கிறானா என்று கண்டுபிடிக்க இப்படியும் ஒரு வழி இருப்பது அவளுக்குத் தேன்போல இனித்தது. ஆண்டு விழாவில் மாஷ் தாமே எழுதிய கவிதையை மேடையில் வாசித்தார். முன்வரிசையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த சிறுமி எழுந்து, "மாஷே, நாலாமத்த வரியில ஒண்ணு கொறையுது" என்றாள். மாஷ் நின்ற இடத்திலேயே எண்ணிப் பார்த்தார். பிறகு அவர் ஓய்வு பெறும்வரை மேடை ஏறவில்லை.

கல்யாணமாகி வேப்பம்பதிக்கு வந்தாள். கணவர் செங்கோட்டையன், தென்னந்தோப்பும் மாடுகளும் கொஞ்சம் காய்கறிப் பூமியும் வைத்திருக்கும் சாது. ஒரே மகன் பூபதிராஜா கோயமுத்தூரில் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் வருவான். அவன் மனைவி தமிழ்ப்ரியா மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் பிறந்த ஊர் கள்ளியம்பதி. காளியாத்தாளின் தோப்பு முடிகிற இடத்தில் ஓடும் இட்டேரிப் பாதையைத் தாண்டினால் கள்ளியம்பதி தொடங்கிவிடும். அவ்வளவு பக்கம். காளியாத்தாளின் கணக்கில் அது பெண் எடுக்கக் கூடாத அளவுக்குப் பக்கம்.

இப்போது சில வருஷங்களாக ஊருக்கு ஊர் கும்மிக் குழு. ஒரே நிறத்தில் சேலை, மைக் செட்டு, அரங்கேற்றம், படம் பிடிக்க ஆள் என்று அமர்க்களம். வேப்பம்பதிக் குழுவுக்குப் பாட்டுக் கட்டுவது காளியாத்தாள். மற்ற ஊர்க்காரர்கள் எங்கெங்கோ பாடியதைத் திருப்பிப் பாட, வேப்பம்பதி மட்டும் வருஷம் தவறாமல் புதுப்பாட்டோடு இறங்கும். அந்தப் பெருமை இந்தப் பொங்கலோடு போயிற்று.

பொங்கலுக்கு மறுநாள் கள்ளியம்பதி மைதானத்தில் அந்த ஊர்க் குழு ஆடியது. அவர்கள் பாடிய பாட்டு, காளியாத்தாள் வேப்பம்பதிக்காகக் கட்டி, இன்னும் தன் குழுவுக்கே சொல்லிக்கொடுக்காமல் வைத்திருந்த பாட்டு. ஒரு சொல்லும் பிசகவில்லை.

அன்று மாலை அவள் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பாட்ட நான் முணுமுணுத்தப்ப கேட்டவங்க ஆராரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கேட்டேன்" என்றார் செங்கோட்டையன்.

"அதத்தான் நானும் நெனச்சேன்."

"அட, என்னையா சந்தேகப்படற?"

"பொழுதோட கள்ளுக்கடைக்குக் கள்ளியம்பதிதான போறீங்க. ஒரு சொம்பு உள்ள போனா நீங்க பேசறது உங்களுக்கே கேக்காது. அப்பறம் நம்ம மோளக்காரரு கருப்புசாமி. தாளங் கட்டோணும்னு அவருகிட்டக் கொஞ்சம் பாடிக் காட்டினேன். அப்பறம்" என்று தவிட்டுக் கையை உதறினாள், "உங்க மருமவ."

செங்கோட்டையன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்தப் புள்ள அப்படிப்பட்டது இல்ல, காளியாத்தா."

"பொறந்த ஊரு பாசம் இருக்குமில்லீங்க. நான் ஒண்ணுஞ் சொல்லல. அவளா இருந்தா மட்டும், நம்மூரு நோம்பி அன்னிக்கு வட்டத்துல கால் வெக்க உடமாட்டேன். ஊரு பாக்க வெளிய நிறுத்திப்போடுவேன்."

"நிறுத்தினயின்னா அது அப்படியே பையைத் தூக்கிட்டுப் பஸ் ஏறிரும். பையனும் பொறகாலயே ஏறிருவான். பொறகு நீயும் நானும்தான் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டுட்டு உக்காந்திருக்கோணும்."

காளியாத்தாள் தவிட்டைத் திரும்பக் கலக்கத் தொடங்கினாள். ஆனால் அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பதை அவர் பார்த்தார். மகனை இழப்பது பற்றிய பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை. ஏமாற்றப்படுவது பற்றிய பயம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

பங்குனியில் மாரியம்மன் நோம்பி என்கிற திருவிழா. கள்ளியம்பதி நோம்பி முதலில், வேப்பம்பதி நோம்பி அடுத்த வாரம். அதற்குப் புதுப்பாட்டு வேண்டும். இந்த முறை வீட்டுச் சுவருக்குக் காது இருக்கும் என்று பயந்து, அவள் தோப்புக் கிணற்றடியில் இருந்த மோட்டார் ரூமுக்குப் போனாள். பொங்கல் பாட்டைக்கூட முக்கால்வாசி அங்கேதான் கட்டினாள். வீட்டில் முணுமுணுத்ததுதான் தப்பு என்று முடிவு செய்துகொண்டாள். உச்சி வெயிலில் கரண்டு போய்விடும். திரும்பி வரும்வரை அங்கே ஈ காக்கை இருக்காது. கிணற்றிலிருந்து தோப்பைக் கடந்து, கிழக்கு எல்லையில் இட்டேரி ஓரம் இருக்கிற தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மண்ணுக்குள் பைப் ஓடுகிறது. அடைபட்ட காற்று போவதற்காக மோட்டார் ரூமுக்குள் அந்தப் பைப்பிலிருந்து ஒரு கிளையை மேலே நட்டு வாயைத் திறந்தே விட்டிருந்தார்கள். காளியாத்தாள் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டு, சாக்கை விரித்து, அந்தப் பைப்பில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு கை பைப்பைப் பிடித்திருக்கும். மறு கையின் விரல்கள் மாஷ் சொல்லிக்கொடுத்தபடி எண்ணும்.

மழை தவறிய வருஷம். ஆகவே பாட்டு மேகத்தைப் பற்றியதாக வந்தது.

மேக்குல மேயுற மேகமடி – அது
மேட்டுல வந்து மெரண்டதடி
மாரி கயித்துல மாட்டினதும்
மண்ணுல பாலு கறந்ததடி

மேகம், மேற்கே மேய்ச்சலுக்குப் போன மாடு. மேட்டைக் கண்டு மிரண்டு நின்றுவிட்டது. மாரியாத்தாள் கயிற்றை மாட்டியதும் வந்து பால் கறந்தது. நாலு தடவை பாடிப் பார்த்தாள். விரல் தவறவில்லை. இது மட்டும் களவு போனால் மாரியாத்தாளையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எலிக்குப் பொறி வைக்கலாம் என்றால் பாட்டுக்கு ஏன் வைக்கக் கூடாது?

கும்மி வரிக்கு நாலு தட்டு. நாலு தட்டுக்கும் சொல் நிறைந்திருந்தால் கையும் காலும் தானாகப் போகும். ஒரு சொல்லை உருவிவிட்டால் பாடுகிறவள் நிற்க மாட்டாள், பக்கத்துச் சொல்லை இழுத்து அந்த ஓட்டையை அடைப்பாள். கேட்கிற சாதாரணக் காதுக்குத் தெரியாது. விரல்விட்டு எண்ணுகிறவளுக்கு அந்த இழுவை, கூழில் கல் கடித்ததுபோலத் தெரியும். ஆக, மூன்று பேருக்கும் தனித்தனியே ஒவ்வொரு வரியை நொண்டியாக்கிக் கொடுப்பது. கள்ளியம்பதி நோம்பியில் எந்த வரி நொண்டுகிறதோ, அந்த வரியை வாங்கிக்கொண்டவர்தான் திருடர்.

செங்கோட்டையனுக்குக் காப்பி ஆற்றும்போது பாடிக்காட்டினாள். முதல் வரியின் வாலில் இருக்கும் 'அது' என்ற சிறு சொல்லை விழுங்கிவிட்டாள். கும்மியில் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குக் காலைத் தூக்கி வைக்கும் நேரத்தை நிரப்புவது அந்த வால்தான். "பாட்டு நல்லாருக்குதுங்ளா?" என்று கேட்டாள்.

"காப்பிதான் ஆறிப்போச்சு" என்றார் அவர்.

கருப்புசாமி பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது இரண்டாம் வரியில் 'வந்து' என்பதை எடுத்துவிட்டு, 'மேட்டுல மெரண்டதடி' என்று கொடுத்தாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க்கா, இங்க ஒரு பள்ளம் கெடக்குதே."

"உங்க மோளத்துல கெடக்குதோ என்னமோ."

"அப்படிங்களா? செரி, பள்ளத்துல ஒரு தட்டு கூடப் போட்டுத் தாட்டி உட்டர்றேன்" என்றார் கருப்புசாமி. அவர் யாரோடும் தர்க்கம் செய்பவரல்ல.

தமிழ்ப்ரியாவுக்கு நாலாவது வரி. 'பாலு' என்பதை எடுத்துவிட்டு, 'மண்ணுல கறந்ததடி' என்று பால் கறக்கும் நேரத்தில் பாடிக்காட்டினாள். மருமகள் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"மண்ணுல என்னங்க அத்தை கறந்துச்சு?"

"மேகத்துல என்ன கறக்கும்? நீ பாடு அம்மிணி, அர்த்தமெல்லாம் மாரியாத்தா பாத்துக்குவா."

"செரிங்க அத்தை" என்றாள் தமிழ்ப்ரியா. அந்தச் 'செரிங்க' கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டதாகக் காளியாத்தாளுக்குப் பட்டது. மாட்டைத் தடவிக்கொண்டே அதை மனதில் குறித்து வைத்தாள். குழு ஒத்திகை எல்லாம் கள்ளியம்பதி நோம்பி முடிந்த பிறகுதான் என்றும் சொல்லிவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் எது அசைந்தாலும் அவளுக்குத் துப்பாகத் தெரிந்தது. தமிழ்ப்ரியா போனில் அம்மாவோடு பேசினால், காளியாத்தாள் வெளியே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் உருவிய கீரையில் மரம் மொட்டையாகி, குருவிகள் வேறு ஊருக்குக் குடிபோனதாகச் சொல்வார்கள். போனில் அந்தப் பெண் பேசியதெல்லாம் அம்மாவின் முட்டிவலி, தம்பியின் பரீட்சை, ரேஷன் கடைக்கு வந்த அரிசி. 'இதுல ஏதாச்சும் சங்கேதம் இருக்குமோ' என்று அரிசி வரை காளியாத்தாள் யோசித்தாள். கருப்புசாமி கள்ளியம்பதிப் பக்கம் சைக்கிளில் போவதைக் கண்டால் கைகாட்டி நிறுத்தி, எதற்கு என்று கேட்டாள். செங்கோட்டையனோ கள்ளுக்கடையிலிருந்து வரும்போது எதையோ முனகிக்கொண்டு வந்தார். கிட்டே போய்க் கேட்டால் அது சினிமாப் பாட்டு.

கள்ளியம்பதி நோம்பி வந்தது. பிறந்த வீட்டு நோம்பி என்று தமிழ்ப்ரியா கிளம்ப, "நானும் வாரேன்" என்று காளியாத்தாளும் கிளம்பினாள். போகிற வழியெல்லாம் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் நோம்பிக்குப் போகிற முகமாகத்தான் இருந்தது. அதனால் சந்தேகம் கூடியது.

மைதானத்தில் மஞ்சள் சேலையில் கள்ளியம்பதிப் பெண்கள் வட்டம் கட்டி நின்றார்கள். நடுவே செல்வப்பிரியா. குழுத் தலைவி, தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலையில் இருபது முப்பது பெண்களை மேய்க்கிற 'மேட்', அதாவது கண்காணியும் அவள்தான். மேளம் எழும்பியது. காளியாத்தாள் முந்தானைக்குள் வலது கையை மறைத்துக்கொண்டாள். விரல்கள் எண்ணத் தயாராக இருந்தன. பக்கத்தில் தமிழ்ப்ரியா. செல்வப்பிரியா வாயைத் திறந்தாள்.

மேக்குல மேயுற மேகமடி – அது

காளியாத்தாள் ஒரு விரலை மடக்கினாள். இந்தப் பாட்டும் போய்விட்டது. ஆனால் வரி நொண்டவில்லை. 'அது' வாலோடு வந்து காலைத் தூக்கி அடுத்த வரியில் வைத்தது. அப்படியென்றால் செங்கோட்டையன் இல்லை. இத்தனை வருஷ வாழ்க்கையில் இப்போதாவது அந்த மனுஷரைப் பிடித்துவிடலாம் என்று இருந்தவளுக்கு அது சற்று ஏமாற்றம்தான்.

மேட்டுல வந்து மெரண்டதடி

'வந்து' வந்துவிட்டது. கருப்புசாமியும் இல்லை. மிஞ்சியது ஒருத்தி. நாலாவது வரி வர இன்னும் ஒரு வரிதான். அவள் திரும்பி மருமகளைப் பார்த்தாள். இந்த முகத்தைத்தான் அடுத்த வாரம் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப் போகிறோம் என்று நினைத்தபோது, பிடித்துவிட்ட சந்தோஷம் வரவில்லை. மகன் பஸ்ஸில் ஏறுகிற முதுகு கண்ணில் தெரிந்தது. அதற்குள் மூன்றாவது வரி வந்துவிட்டது.

மாரி கயித்துல மாட்டினதும் – ம்க்கும்

மஞ்சள் சேலைக்காரிகள் எல்லோரும் ஒன்றாகத் தொண்டையைச் செருமினார்கள். கனைத்தபடியே காலைத் தூக்கி, கனைத்தபடியே அடுத்த வரியில் வைத்தார்கள். தாளம் ஒரு நூலும் பிசகவில்லை.

மண்ணுல பாலு கறந்ததடி

நாலாவது வரியும் முழுசாக வந்தது. காளியாத்தாள் அதைக் கேட்டாளா என்பதே சந்தேகம். வலது கை முந்தானையிலிருந்து வெளியே வந்து, விரித்தபடி நின்றது. பாட்டு திரும்பத் தொடங்கியது. மூன்றாவது வரி. மாட்டினதும், ம்க்கும். மறுபடியும். குழந்தைகள் அதற்குள் கற்றுக்கொண்டு ஓரத்தில் நின்று கனைத்தார்கள்.

தமிழ்ப்ரியா குனிந்து மாமியாரின் காதருகே, "அத்தை, இந்தச் செருமல எங்கயோ கேட்ட மாதிரியே இருக்குதுங்க" என்றாள்.

காளியாத்தாளுக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் மெல்ல உதட்டுக்குள் மூன்றாவது வரியைச் சொல்லிப் பார்த்தாள். மாரி கயித்துல மாட்டினதும். அடுத்த வரிக்குப் போகுமுன் அவளுடைய தொண்டை தானாகவே, யாரையும் கேட்காமல், "ம்க்கும்" என்றது.

மாஷ் சொல்லிக்கொடுத்த கோடும் வளைவும் எழுத்துக்குத்தான். விரலுக்கோ, அந்த இடத்தில் விழுந்தது சொல்லா செருமலா என்று தெரியாது. ஏதோ ஒன்று விழுந்தது என்று எண்ணிக்கொண்டு போய்விட்டது. மூன்று பேரின் வரிகளை நொண்டியாக்கியவள், முதல் வரிக்கு இருந்த வால் இல்லாமல் தானாக நொண்டிக்கொண்டிருந்த மூன்றாவது வரிக்குத் தன் தொண்டையையே ஊன்றுகோலாகக் கொடுத்திருந்தாள்.

ஆட்டம் முடிந்து பெண்கள் மோர் குடிக்கப் போனபோது, காளியாத்தாள் செல்வப்பிரியாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏனம்மிணி, இந்தப் பாட்டு உங்களுக்கு ஆரு குடுத்தா?"

செல்வப்பிரியா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லக் கூடாதுங்க்கா. நீங்க தோப்புக்காரவிங்க, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. உங்க தண்ணித் தொட்டிலதான் கெடச்சுது."

"தொட்டிலயா?"

"ஆமாங்க. இட்டேரி வேலைக்கு வந்தா உச்சியில அந்தத் தொட்டி வேம்புக்கடியிலதான் நாங்க சோத்தப் பிரிப்போம். மார்கழி மாசம் ஒருநா சோத்துல கை வெக்கறப்பத் தொட்டிக்குள்ள இருந்து பாட்டு வருது. தண்ணி இல்ல, ஆளு இல்ல. பொம்பளக் கொரலு. எங்களுக்கு மேலு சிலித்துப்போச்சு. கன்னிமார் பாடறாங்கன்னு கண்டுக்கிட்டோம். அன்னிலிருந்து தெனமும் ஒரு சூடம் பத்த வெச்சுட்டுத்தான் சோறே திங்கறது."

"எங்க தொட்டில சூடத்துக் கரி கெடந்தது அதுதானா" என்றாள் காளியாத்தாள். அந்தக் கரியை வைத்து அவள் இரண்டு பேரைச் சந்தேகப்பட்டிருந்தாள். அது தனிக் கதை.

"இந்தப் பாட்டுல, மூணாவது வரிக்கு ஒருதடவ கனைப்பாங்க பாத்தீங்களா? அது என்னன்னு எங்களுக்குப் புடிபடல. கன்னிமாருக்குக் கோவமோ என்னமோன்னு யோசிச்சோம். சாமி குடுத்ததுல ஒண்ணைக் கொறைக்கறதுக்கு நாம ஆரு? அப்படியே பாடிட்டோம்."

காளியாத்தாளுக்குப் பைப் ஞாபகம் வந்தது. தான் சாய்ந்து உட்கார்ந்த பைப், திறந்த வாய், தண்ணீர் இல்லாத உச்சிப்பொழுது. வீட்டுச் சுவரை நம்பாமல், தாழ் போட்ட அறைக்குள் போய், ஊருக்கே கேட்கிற குழாய்க்குள் பாடியிருக்கிறாள். ஏழு கன்னிமாருக்கும் சேர்த்து ஒரே தொண்டையாக இருந்திருக்கிறாள். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவள், செல்வப்பிரியாவின் கண்ணில் இருந்த பயபக்தியைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"கன்னிமாரு நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

"நெம்ப நல்லாக் கட்டறாங்கக்கா. தொண்டை மட்டும் கொஞ்சம் பாத்துக்கலாம்."

திரும்பி வருகிற வழியில் இட்டேரியில் இரண்டு பேரும் நடந்தார்கள். தொட்டி வந்ததும் தமிழ்ப்ரியா நின்றாள்.

"எனக்குக் குடுத்தது நாலாவது வரிங்ளா, அத்தை?"

காளியாத்தாள் தொட்டியில் இருந்த சூடக் கரியை விரலால் சுரண்டினாள்.

"கருப்புசாமி அண்ணன் தனியாத் தட்டிப் பாக்கறப்ப ரெண்டாவது வரியில ஒரு தட்டு கூடப் போட்டாரு. ஏனுங்கண்ணான்னு கேட்டேன். உங்க மாமியா குடுத்த பள்ளம் அம்மிணின்னாரு. எனக்கு அங்க பள்ளமே இல்ல, நாலாவதுலதான். மாமாகிட்டக் கேட்டா, முதல் வரியில அவருக்கு வாலே இல்ல. மூணு பேரும் உக்காந்து ஒட்டுப்போட்டுப் பாத்தோம். எங்க மூணு பேரையும் சேத்தாத்தான் ஒரு பாட்டு வருது."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"என்ன பண்ணச் சொல்றீங்க? எந்தக் காலு நொண்டுதுன்னு பாக்கறதுக்கு நீங்க எங்களுக்கு நொண்டிக் காலக் குடுத்தீங்க. கேட்டா மட்டும் நம்பீருப்பீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. சொல்ல வேண்டியதை ரொம்ப நாளாக அடுக்கி வைத்திருந்தவளின் அமைதி இருந்தது. "அடுத்த வாரம் என்னைய வெளிய நிறுத்தப் போறீங்கன்னு மாமா சொன்னாருங்க. நானும் பைய எடுத்து வெச்சுட்டேன். நாலாவது வரி நொண்டுனா அப்படியே அம்மா ஊட்டுலயே இருந்தர்லாம்னுதான் இன்னிக்கு வந்தேன்."

காளியாத்தாள் அப்போதுதான் பார்த்தாள். மருமகளின் தோளில் தொங்கிய பை, ஒருநாள் நோம்பிக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. எதையாவது எடுத்துக்கொண்டு போகிறார்களா என்று பிறந்ததிலிருந்து பார்த்து வந்த கண், இதைப் பார்க்காமல் விட்டுவிட்டது. அவள் அந்தப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வீடு வரைக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் உச்சியில் கரண்டு போனது. காளியாத்தாள் மோட்டார் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டாள்.

"நீ போயி அந்தத் தொட்டிகிட்ட நில்லு அம்மிணி. அந்தச் செல்வப்பிரியா சொல்றத எப்படி நம்பறது? நெசமாக் கேக்குதான்னு பாக்கோணும்."

"இன்னும் சந்தேகந்தானுங்களா?"

"ஒருத்தி மேல சந்தேகம் போச்சுன்னா ஒலகத்து மேலயே போயிருமா? போ, போ. வேம்புக்கடியில நெழல்ல நில்லு."

மோட்டார் ரூமில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. பைப்பின் வாய்க்கு நேராக முகத்தை வைத்து, விரல் எண்ணாமல், தொடையில் தட்டிப் பாடினாள். முதல் வரி வாலோடு போயிற்று. இரண்டாவது வரி மேட்டில் வந்து மிரண்டது. மூன்றாவது வரியில் மாரி கயிற்றை மாட்டினாள். உடனே தொண்டை எழும்பியது. காளியாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடக்கினாள். தட்டு விழ வேண்டிய இடம் வெறுமையாக நின்றது. கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. தன் பாட்டில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்ததை அவள் அப்போதுதான் காதால் கேட்டாள்.

பைப்புக்குள்ளிருந்து, தோப்பின் நீளத்துக்கு மண்ணுக்கடியில் நடந்து வந்ததுபோல ஒரு சொல் வந்தது.

"அது."

கை தொடையில் விழுந்தது. நாலாவது வரி தானாகக் கறந்தது. இன்னொருமுறை பாடினாள். மூன்றாவது வரி முடிந்ததும் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் 'அது' சரியாக அந்த இடத்தில், முந்தாமலும் பிந்தாமலும் வந்தது. மூன்றாவது முறை பாடும்போது, இந்தப் பெண் இவ்வளவு சுருக்காக எடுத்துக் கொடுக்கிறாளே, இதை எப்போது யோசித்து வைத்தாள் என்று ஒரு கேள்வி எழுந்தது. அந்த ஒற்றைச் சொல்லில் கேலி ஏதும் கலந்திருக்கிறதோ என்றும் தோன்றியது. பாடி முடித்துவிட்டு, நன்றாகக் கேட்டுவிடலாம் என்று காதைப் பைப்பின் வாயில் அழுத்தி வைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த முனையிலும் ஒரு காது வைக்கப்பட்டிருக்கிறது என்று புரிந்தது.

"தமிழ்ப்ரியா" என்றாள் பைப்புக்குள்.

"சொல்லுங்க அத்தை."

"நோம்பிக்கு மூணாவது வரி வால நீதான் எடுத்துக் குடுக்கோணும். நடு வட்டத்துல நின்னு."

சந்தேகப்படுகிற நேரம் அளவுக்கு ஒரு இடைவெளி விட்டு, பைப்பிலிருந்து, "ம்க்கும்" என்று வந்தது.